ஏழு வெள்வேல மரமும் ஒரு கட்டிப் பெருங்காயமும்

ஏப்ரல் 7, திங்கள்

காலை 148/90. இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி.

டாக்டரம்மா சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். "மாத்திரையை மாத்தறதுக்கு முன்னாடி உங்க தினசரி எனக்குத் தெரியணும். பிரஷர் எவ்வளவு, என்ன சாப்பிட்டீங்க, எதுக்குக் கோபம் வந்துச்சு, எல்லாம் எழுதிட்டு வாங்க" என்றார். கோபம் வந்ததையெல்லாம் எழுத ஒரு டைரி பத்தாது என்று என் வீட்டுக்காரி ருக்மணி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். டைரி உரக்கடையில் ஓசியாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் விவசாயிக்கு ஒரு புத்திமதி அச்சடித்திருக்கிறார்கள்.

பெயர் சென்னியப்பன், வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் லைன்மேன். காங்கயத்துக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன காட்டில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தங்கை மயிலாத்தாளுக்கு. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பேர், மரம் இருக்க வேண்டும் என்றில்லை. என் பாதியில் ஒரு மரம்கூட இல்லை. ரிட்டயர் ஆன வருடமே ஜேசிபி விட்டு வேரோடு எடுத்துவிட்டேன். போர் போட்டு, சொட்டு நீர் போட்டு, மாசியில் மிளகாய் நட்டிருக்கிறேன். மூலைக்கு மூலை பளிச்சென்று இருக்கும்.

இன்றைய கோபம்: மயிலாவின் வரப்போரம் நிற்கும் ஏழு வெள்வேல மரங்கள். அவள் பக்கத்தில்தான் நிற்கின்றன, நிழலை மட்டும் என் பக்கம் தள்ளுகின்றன. மத்தியானம் மூன்று மணி ஆனால் என் காட்டில் நான்கு வரிசை, நான்கு சால் மிளகாய் இருட்டில் நிற்கும். அந்த நான்கு சாலில் செடி முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் காயை நம்பித்தானுங்கண்ணா என்ற ஆடு கோடையத் தாண்டுது" என்கிறாள். ஆடு தாண்டுகிறது, என் மிளகாய் தாண்டவில்லையே.

பக்கத்தின் அடியில் அச்சடித்திருப்பது: வரப்போரம் மரம் வளர்ப்பீர், காற்றின் வேகத்தைத் தடுப்பீர். இதை எழுதிய ஆளுக்கு வரப்பும் இருக்காது, தங்கச்சியும் இருக்காது.

ஏப்ரல் 8, செவ்வாய்

146/88. ராகிக் களி. கோபம் இல்லை. நான்கு சால் செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். அந்த நிலப் பட்டை இனிமேல் சும்மா கிடக்கட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

150/90. காங்கயம் போய் மளிகைச் சாமான் வாங்கி வந்தேன். கட்டிப் பெருங்காயம், பெரியது. ரசத்துக்கு. டிரில்லிங் மிஷினைச் சார்ஜில் போட்டேன். சுவரில் காலண்டர் மாட்ட ஒரு துளை போட வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

158/94. மயிலா தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேன், ஞாயிறு மட்டும்தான் வருவார். அதனால் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். இருபத்தாறு உருப்படி. பார்த்துக்கொண்டேன். வரப்போரம் சின்ன வேலை ஒன்று இருந்தது, அதையும் முடித்தேன்.

சாயங்காலம் ருக்மணி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, நேத்து வாங்கிட்டு வந்த பெருங்காயத்தை எங்க வச்சீங்க?"

"பையிலிருந்து எங்கேயாவது விழுந்திருக்கும்."

"காலண்டரு மாட்டறேன்னீங்க?"

"அப்புறம் மாட்டலாம் விடு."

ரசத்தில் ஒரு ருசியும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

152/90. சிலர் சொல்வார்கள், மரத்தில் துளை போட்டுப் பெருங்காயத்தைத் திணித்துச் சேற்றால் அடைத்துவிட்டால் மரம் தானாகப் பட்டுப்போகும் என்று. சுத்தப் பொய். ஒன்பது நாள் ஆகியும் ஒரு இலைகூட வாடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

164/98. பழைய இன்வர்ட்டர் பேட்டரியைக் கழுவினேன். அதில் மிச்சமிருந்த ஆசிட்டை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன்.

பதினோரு மணி வெயிலில் ~~நான்காவது மரத்தை முடித்து ஐந்தாவதுக்குப் போகும்போது~~ வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது மயிலா காப்பி கொண்டுவந்தாள். "இந்த வெயில்ல என்னுங்கண்ணா வரப்புல நிக்கறீங்க, பிரஷரு ஆளு. இந்தாங்க, மரத்தடில உக்காந்து குடிங்க" என்றாள். பாட்டிலைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டேன். உட்கார்ந்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை போடாமல் கருப்பட்டி போட்டிருந்தாள், எனக்காக. பாட்டிலில் பாக்கியிருந்ததை வீட்டுக்கு வரும் வழியில் பாறைக்குழியில் கொட்டிவிட்டேன்.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு அது தேவையில்லை.

மே 9, வெள்ளி

160/96. மோர்ச்சோறு. மயிலா வந்து கூப்பிட்டாள். "அண்ணா, செத்த வந்து மரத்தப் பாருங்க. தெக்க இருக்கற நாலும் உச்சியில மஞ்சக் கண்டிருக்குது."

போனேன். போகாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும். அவள் என்னை முதல் மரத்தடியில் நிறுத்தி, சேறு காய்ந்து உதிர்ந்திருந்த துளையைக் காட்டினாள். அடுத்த மரத்திலும் காட்டினாள். ஏழிலும் காட்டினாள். என் இடுப்பு உயரத்தில், ஏழும் ஒரே மட்டத்தில் இருந்தன. கம்பம் நடுகிற வேலை பார்த்தவன் கை, அளவு தப்பாது.

"இது என்னவா இருக்குமுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மரங்கொத்தியா இருக்கும்" என்றேன்.

"மரங்கொத்திங்களா?"

"ஆமா. வெயில் காலத்துல இப்படித்தான் கொத்தும்."

"செரிங்கண்ணா, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றாள். பிறகு, என் போரிலிருந்து மரத்துக்கு நாலு குடம் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கோ அம்மிணி, இதையெல்லாமா கேட்பது என்றேன். பெரிய மனுசன் மாதிரி சொன்னேன்.

மே 10, சனி

காலையும் மாலையும் குடம் சுமக்கிறாள். மோட்டாரை நானே போட்டுவிடுகிறேன். பிரஷர் பார்க்கவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது.

மே 15, வியாழன்

162/96. வருடா வருடம் மயிலா தன் ஆடுகளை என் காட்டில் பட்டி போடுவாள். மூங்கில் படலை நான்கு பக்கமும் கட்டி, ஆடுகளை ராத்திரி அதற்குள் அடைத்துவிட்டால் காலையில் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு. மறுநாள் படலை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். இதற்கு அவள் என்னிடம் ஒன்றும் வாங்கியதில்லை. இந்த வருடம் மிளகாய் நிற்கிறதே, எங்கே போடுவாள் என்று பார்த்தேன். வடக்கே அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, அங்கே போடு என்றேன். கேட்கவில்லை. நான் செடி பிடுங்கிய அந்த நான்கு சால் பட்டையில் தெற்கு மூலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

"ஒண்ணும் விளையாத இடத்துல எதுக்கு எருவை வீணாக்கறே?" என்றேன்.

"இங்கதானுங்கண்ணா வேணும்" என்றாள். பிடிவாதக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மே 23, வெள்ளி

பகலெல்லாம் விழுந்த வெள்வேலங்காயைப் பொறுக்கிக் கூடை கூடையாக ஆட்டுக்குப் போடுகிறாள். பட்டுப்போகிற நான்கு மரத்துக் காயைத் தனியாகப் பொறுக்குகிறாள். பொழுது சாயவும் ஆட்டை அதே பட்டையில் அடைக்கிறாள். வடக்குக் கடைசிவரை போய்விட்டு, மறுபடி தெற்கிலிருந்து வருகிறாள். எனக்கென்ன.

ஜூன் 6, வெள்ளி

170/100. தெற்கே நான்கு மரமும் மொட்டை. வடக்கே மூன்று மட்டும் பச்சை. நான்கிலும் இலை இல்லாமல், மத்தியானத்தில் என் காட்டுத் தெற்குப் பாதி முழுக்க வெயில் அடிக்கிறது. இதைத்தான் கேட்டேன். கிடைத்துவிட்டது.

ஜூன் 11, புதன்

மயிலாவின் ஆட்டுக்குட்டி ஒன்று செத்துப்போனது. வெயில்தான். எந்நேரமும் அந்த நான்கு மரத்தடியில்தான் ஆடுகள் படுத்து அசைபோடும். இப்போது அத்தனையும் மூன்று மரத்து நிழலுக்கு முட்டி மோதுகின்றன, பெரியதெல்லாம் உள்ளே, குட்டியெல்லாம் வெளியே. பழக்கத்தில் மொட்டை மரத்தடியிலேயே போய்ப் படுத்திருக்கிறது அந்தக் குட்டி. மயிலா அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போனாள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

டாக்டரம்மாவுக்கு வேறு நோட்டுப் போட்டுவிட்டேன். அதில் 140/86, கோபம் இல்லை, மனநிம்மதி என்று எழுதுகிறேன். இந்த டைரி இனி யாருக்கும் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான்தான் செய்தேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஏழு மரத்திலும் துளை போட்டுப் பெருங்காயம் திணித்தேன். அவள் ஆட்டை நம்பி என்னிடம் விட்டுப்போன நாளில். அது பலிக்கவில்லை என்று இருபத்து நான்காம் தேதி ஆசிட் ஊற்றினேன். நான்கு மரம் ஊற்றியாயிற்று. ஐந்தாவது மரத்துக்கு நகர்ந்தபோது அவள் காப்பியோடு வந்தாள். வராமல் இருந்திருந்தால் ஏழும் போயிருக்கும். அந்தக் காப்பியை நான் முழுக்கக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

வேலையில் இருந்தபோது கம்பிக்கு இடைஞ்சல் என்று ஆயிரம் கிளை வெட்டியிருக்கிறேன். அதெல்லாம் ஊர் பார்க்க, ஏணி வைத்து, பகலில் வெட்டியது. யாரும் திட்டினால் திருப்பித் திட்டிவிட்டு வருவேன். இது அப்படி இல்லை. சீ.

ஜூன் 29, ஞாயிறு

மயிலா பதினான்கு ஆட்டைச் சந்தைக்கு ஏற்றிவிட்டாள். தீவனம் இல்லை, நிழல் இல்லை, என்ன செய்வாள். வண்டியில் ஏற்றுவதற்கு மாப்பிள்ளையும் நானும் பிடித்துக் கொடுத்தோம். மாப்பிள்ளை அவளைத்தான் ஏசினார். "கோடையில கண்ட தண்ணியப் பாய்ச்சி வேரை அழுக வச்சுட்டா உங்க தங்கச்சி. வெள்வேல மரத்துக்கு ஆராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?" அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததும் நான் பேசாமல் இருந்ததும் ஒன்றா? ஒரு ஆட்டுக் கயிறு என் கையிலேயே தங்கிவிட்டது. இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியில்தான் உச்சத்துக்குப் போகும், இந்த வருடம் ஆனியிலேயே அவசரம்.

ஜூலை 19, சனி

எதையும் மறைக்காமல் எழுதுகிறேன், எழுதினாலாவது புத்தி வருகிறதா பார்ப்போம்.

மூன்று நாள் ராப்பகலாகக் காற்று. இன்று காலை காட்டுக்குப் போனால், தெற்குப் பாதியில் மிளகாய்ச் செடி அத்தனையும் கிழக்கே சாய்ந்து கிடக்கிறது. பூவெல்லாம் கொட்டிவிட்டது. இலையில் மண் அப்பி, ஓரம் கருகி, பிஞ்சு வெம்பிப்போயிற்று. நடந்துகொண்டே வடக்கே போனேன். ஓர் இடத்தில் சட்டென்று செடி நிமிர்ந்து நிற்கிறது. பூ இருக்கிறது. அங்கிருந்து வடக்குக் கடைசிவரை எல்லாச் செடியும் நிற்கிறது. நான் மேற்கே திரும்பிப் பார்த்தேன். எனக்கு நேராக ஐந்தாவது மரம்.

நான்கு மொட்டை மரத்துக்கு நேரே இருக்கும் என் காடு போயிற்று. உயிரோடு நிற்கும் மூன்றுக்கு நேரே இருக்கும் காடு நிற்கிறது. கோடு கிழித்த மாதிரி தெரிகிறது. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே உரம்.

இத்தனை வருடம் அந்த மரங்கள் வாங்கிக்கொண்டது நான்கு சால். காப்பாற்றிக் கொடுத்தது மிச்சம் நாற்பது சால். நான் நான்கை மட்டும்தான் எண்ணினேன். நிழல் கண்ணுக்குத் தெரிகிறது. வராத காற்று கண்ணுக்குத் தெரியுமா? நடுக் காட்டில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். செடி போனதற்காக மட்டும் இல்லை. போனது எனக்கென்றால் பரவாயில்லை, அவளுக்கு ஏன் போக வேண்டும்?

எழுந்து வரும்போது மயிலா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். "செடியெல்லாம் சாஞ்சு போச்சுங்களாண்ணா?" என்றாள். "சாயாம இருக்கறதுக்கு மண்ணை அணைச்சு உடுங்க. நானும் வாரனுங்க." வந்தாள். இருட்டும்வரை என்னோடு குனிந்து மண் அணைத்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

ருக்மணி டிரில்லிங் மிஷினைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சமையலறையில் அலமாரி மாட்ட எடுத்திருக்கிறாள். "இதை மோந்து பாருங்க" என்றாள். டிரில் பெட்டிக்குள் பெருங்காயத் தூள் சிந்திக் கிடந்தது.

நான் மோந்து பார்க்கவில்லை.

"மயிலாளோட மரமுங்களா?" என்றாள். தலையை ஆட்டினேன். இந்த முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அடிக்கக் கை ஓங்கியதில்லை. இன்று ஓங்கினாள், அப்புறம் கையை மடக்கிக்கொண்டாள். "பிரஷர் ஆளுன்னு உடறேன். ஆடிப் பதினெட்டுக்குள்ள நீங்க போய்ச் சொல்லோணும். இல்லைன்னா நான் போய்ச் சொல்லுவேன்."



ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

போனேன். மயிலா எனக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிவைத்திருந்தாள். மாப்பிள்ளை இருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ருக்மணி கேட்டதற்கு, மாப்பிள்ளை இருந்தார் என்றேன். "நாளைக்கு இருக்க மாட்டாரு" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

போகவில்லை. காய்ச்சல் என்றேன். ருக்மணி என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். அவளும் போகவில்லை. என் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்து நல்ல மழை. இரண்டு நாளாக.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் களைக்கொத்தோடு காட்டுக்குப் போனேன். வரப்போரம் சும்மா கிடந்த பட்டையில் களை மண்டியிருந்தது. தெற்கு மூலையில் ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு கொத்துக்குப் பிறகு ஏதோ உறுத்தியது. கொத்திப் போட்டதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். புளியங்கன்றுக்கு இருப்பதைவிடப் பொடி இலை. தண்டில் கணுவுக்கு இரண்டாக, இன்னும் முள்ளாகாத முள்.

வெள்வேலங்கன்று.

களைக்கொத்தை எறிந்துவிட்டு முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மக்கிய ஆட்டுப்புழுக்கை எங்கெல்லாம் கிடந்ததோ அங்கெல்லாம் கன்று. காயைத் தின்ற ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதைதான் நன்றாக முளைக்கும், இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். பட்டுப்போகிற நான்கு மரத்துக் காயைத் தனியாகப் பொறுக்கியதும், வடக்கே போடச் சொன்னதற்கு "இங்கதானுங்கண்ணா வேணும்" என்றதும், ஒரே பட்டையில் இரண்டு நடை பட்டி போட்டதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரு போடவில்லை அவள். விதை போட்டிருக்கிறாள். என் காட்டில், என் கண் முன்னால்.

அப்படியென்றால் மே மாதமே அவளுக்குத் தெரியும்.

கொத்திப்போட்ட கன்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவள் பட்டிக்குப் போனேன். மிச்சமிருந்த ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மயிலா, மரத்தை நான்தான்..." என்றேன்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடியே, "தெரியுமுங்கண்ணா" என்றாள்.

"எப்ப இருந்து?"

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே. படலைத் தொறந்து உள்ள வந்தனுங்க, காடு பூராம் ரசம் வச்ச வாசம். ஒவ்வொரு மரத்துலயும் மூக்க வச்சுப் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினே?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான். மரங்கொத்தின்னீங்க." இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "மரங்கொத்தி எந்தக் கடையிலீங்கண்ணா பெருங்காயம் வாங்கும்?"

சிரிப்பு இல்லை அவள் முகத்தில். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த கன்றையே பார்த்தேன்.

"மாப்பிள்ளை உன்னை ஏசினாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவரு உங்க வாசல்ல வந்து நிப்பாரு. அப்புறம் ரெண்டு வீடும் பேச்சில்லை. எனக்கு இருக்கறது ஒரு அண்ணன். அதுவுமில்லாம, இதை நீங்க வந்து சொல்லோணும், ஊரு சொல்லக் கூடாது. நாலு மாசம் ஆக்கிப்போட்டீங்க."

"கன்றை ஏன் என் பக்கம் போட்டே? உன் பக்கமே போட்டிருக்கலாமே."

"உங்க பக்கம் மொளைச்சா வெட்டறதோ உடறதோ உங்க இஷ்டம். துளை போடற சோலி வேண்டாம் பாருங்க." பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலீங்கண்ணா. பெருங்காயத்துக்கு மரம் சாகாது. நாலு மட்டும் எப்படிப் பட்டுச்சு?"

இதை அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "ஆசிட் ஊத்தினேன்."

"எப்ப?"

"சித்திரையில. நீ வரப்புக்குக் காப்பி கொண்டுவந்தியே, அன்னைக்கு."

கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி நின்றாள். "நான் கொண்டுவந்தப்பங்களா? அந்தத் துண்டுக்குள்ளயா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"மரத்தடியில உக்காந்து குடிச்சீங்களே" என்றாள். பட்டுப்போன நான்கு மரத்துக்கும் அழாதவள், விற்ற ஆட்டுக்கும் அழாதவள், அந்தக் காப்பிக்கு அழுதாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

166/98. சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் பொய் நோட்டைக் கொடுக்கவில்லை. எழுதவே இல்லை, மன்னிக்கணும் என்றேன். திட்டினார். நன்றாகத் திட்டினார். ஆறுதலாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாப்பிள்ளையிடம் நானே போய்ச் சொன்னேன். "நானு இவளைத்தானுங்க ஏசினேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டார். மயிலா வெளியே வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு வாரமாக ஒரே வேலை. பட்டுப்போன நான்கு மரத்துக் கிளைகளை மயிலா வெட்டிப் போடச் சொல்லியிருக்கிறாள். நேரடியாக இல்லை, ருக்மணி மூலமாகத்தான். ஏணி போட்டு நானே ஏறி அறுக்கிறேன். அறுத்த முள்கிளையைத் துண்டு போட்டு, என் பக்கத்துக் கன்று ஒவ்வொன்றையும் சுற்றி வேலி வைக்கிறேன். இல்லையென்றால் ஆடே மேய்ந்துவிடும். கொத்தியது போக இருபத்து மூன்று கன்று நிற்கிறது. அவ்வளவும் மரமாக முடியாது, ஏழோ எட்டோ விட்டு மீதியை எடுக்க வேண்டும். எதை விடுவது என்பதை மயிலாதான் சொல்ல வேண்டும். விரலெல்லாம் முள். ருக்மணி ஊசி வைத்து எடுக்கிறாள், கொஞ்சம் அழுத்தித்தான் எடுக்கிறாள்.

கன்று எல்லாம் வரப்புக்கு என் பக்கம். பெரியதானால் காலை நிழல் மயிலாவின் காட்டுக்குப் போகும், மாலை நிழல் எனக்கு வரும். அந்தப் பட்டையில் நான் இனி ஒன்றும் நடப்போவதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பதினோரு மணிக்கு மயிலா வரப்புக்கு வந்தாள். இருபத்து நான்கு நாளுக்குப் பிறகு இன்றுதான் வருகிறாள். கன்றுகளைப் பார்த்தபடி தெற்கிலிருந்து நடந்து வந்து, முள்வேலி சரியாக இல்லாத ஒன்றைக் காலால் நெட்டிக் காட்டினாள். சரிசெய்தேன்.

நல்ல வெயில். வீட்டுக்குப் போய், ருக்மணியைக் கேட்காமல் நானே அடுப்பில் வைத்து, கருப்பட்டி போட்டு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தேன். ஐந்தாவது மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நீட்டினேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் மோந்து பார்த்தாள்.

நான் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குடித்தாள்.